எந்த மிளகாய், எப்போது: காரச் சமையல் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு

காரமான வேற்று நாட்டுச் சமையலுக்கு ஒரு புத்தகம் வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, படங்களை நம்பி வாங்காதீர்கள் என்பதுதான். சிவந்த எண்ணெய் மிதக்கும் கிண்ணத்தை அழகாகப் படம் எடுத்துவிடலாம். அந்தச் சிவப்பு எந்த மிளகாயிலிருந்து வந்தது, எண்ணெய் எவ்வளவு சூடாக இருந்தபோது மிளகாய் அதில் விழுந்தது, அதற்கு முன் எது எவ்வளவு நேரம் வதங்கியிருந்தது என்பதையெல்லாம் எழுத்துதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத புத்தகத்துக்கு என் அலமாரியில் இடம் இல்லை.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நானும் கணவரும் காரத்தை விரும்பி உண்பவர்கள். மகள் மெல்ல மெல்லப் பழகிவருகிறாள். அம்மாவுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது; ஆனால் புளிப்பும் மணமும் இருந்தால் ரசித்துச் சாப்பிடுவார். வேலை முடிந்து வந்து இரவுச் சமையலைப் பார்ப்பவள் நான். எனக்கு வேண்டிய புத்தகம், வார நாளில் அடுப்புக்குப் பக்கத்தில் விரித்துவைத்தால் கைகொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சோபாவில் சாய்ந்து புரட்டுவதற்கான புத்தகங்களையும் நான் மதிக்கிறேன், ஆனால் அவை வேறு இனம்.

உலகத்துக் காரமெல்லாம் ஒரே அட்டைக்குள் என்று வரும் தொகுப்புகளை நான் வாங்குவதில்லை. இருபது, முப்பது நாடுகளை அவை தொட்டுச் செல்லும். நாட்டுக்கு இரண்டு உணவு. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் புதிதாக ஒரு ஜாடியோ பொட்டலமோ வாங்க வேண்டும். ஒரு கரண்டி எடுத்த பிறகு அது குளிர்சாதனப் பெட்டியின் பின்வரிசைக்குப் போய்விடும். இந்தச் சிரமத்தை ஆசிரியர்களும் அறிவார்கள். அதனால் எல்லா மிளகாயையும் கடையில் கிடைக்கும் ஒரே மிளகாயாக்கி, எல்லாப் புளிப்பையும் எலுமிச்சைச் சாறாக்கி எழுதிவிடுகிறார்கள். மெக்சிகோவும் தாய்லாந்தும் எத்தியோப்பியாவும் கடைசியில் ஒரே சுவையில் வந்து நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு நாட்டுச் சமையல், அதிலும் முடிந்தால் ஒரு வட்டாரத்துச் சமையல் என்று வைத்துக்கொள்வதே வீட்டுக்கு நல்லது.

புத்தகக் கடையிலோ நூலகத்திலோ ஒரு புத்தகத்தை எடுத்தால், பொருள்களைப் பற்றிய அத்தியாயத்தைத்தான் முதலில் திறப்பேன். பிறகு கண்ணில் படுகிற ஐந்து செய்முறைகளை எடுத்து, அவற்றுக்காகத் தனியாகத் தேடி வாங்க வேண்டிய பொருள்களை மனத்துக்குள் எழுதிப் பார்ப்பேன். அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் புத்தகம் எனக்கு உழைக்கும். ஐந்து செய்முறைக்கும் ஐந்து வேறு பட்டியல் என்றால் திரும்ப வைத்துவிடுவேன்.

இந்தச் சோதனையில் சீனாவின் சிச்சுவான் மாகாணச் சமையல் எப்போதும் தேறிவிடுகிறது. பிஷியான் பகுதியின் தோபன்ஜியாங் என்ற மிளகாய் விழுது, சிச்சுவான் மிளகு, காய்ந்த மிளகாய், புளிக்கவைத்த கறுப்பு சோயா மொச்சை, கறுப்பு வினிகர், சோயா சாஸ், ஷாவ்ஷிங் அரிசி மது. இவை இருந்தால் மாப்போ டோஃபு என்ற காரச் சோயாக்கட்டிக் குழம்பு, இருமுறை சமைத்த பன்றி இறைச்சி, மீன்மணக் கத்திரிக்காய், கோங் பாவ் கோழி என்று ஒரு மாதத்துக்கு அலுக்காமல் சமைக்கலாம். தோபன்ஜியாங் ஃபாவா அவரையையும் மிளகாயையும் உப்பிட்டு நாள்பட நொதிக்கவைத்துச் செய்வது. அதை எண்ணெயில் மிதமான சூட்டில், எண்ணெய் செந்நிறமாகும்வரை வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் கருகும், குழம்பில் நேராகக் கரைத்தால் பச்சை வாடை போகாது. இந்த ஒரு வரியை எழுதாத சிச்சுவான் புத்தகத்தை என்னால் நம்ப முடியவில்லை. விழுதிலேயே உப்பு நிறைய இருக்கிறது, உப்பைக் கடைசியில் சரிபார்க்கவும் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் அந்த ஆசிரியர் தன் கையால் சமைத்தவர் என்று தெரிந்துகொள்வேன்.

ஃபுக்ஷியா டன்லப் அப்படிப்பட்டவர். 1990-களில் செங்டு நகரத்தின் சமையல் கல்லூரியில் பயிற்சி பெற்ற ஆங்கிலேயர். 2001-இல் அவர் எழுதிய சிச்சுவான் சமையல் நூல், விரிவாக்கப்பட்டு 2019-இல் 'த ஃபுட் ஆஃப் சிச்சுவான்' என்ற பெயரில் வந்தது. அந்த நூலை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம், சிச்சுவான் சமையல்காரர்கள் தங்கள் சுவைகளை வகுத்திருக்கும் முறையை, 23 சுவைக்கூட்டுகளை, அது வரிசையாக விளக்குகிறது என்பது. மிளகாய் அதில் ஒரே வேலையைச் செய்வதில்லை. கோங் பாவ் கோழிக்குக் காய்ந்த மிளகாயை எண்ணெயில் கருஞ்சிவப்பாகும்வரை, ஆனால் கருகாமல், பொரித்து மணத்தை எண்ணெய்க்கு ஏற்றுகிறார்கள். மீன்மணச் சுவையில் ஊறுகாயிட்ட மிளகாய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், சர்க்கரை, வினிகர் எல்லாம் சேர்கின்றன; மீன் துளியும் இல்லை. சில கூட்டுகளில் மிளகாயே கிடையாது. இஞ்சிச் சாறும் வினிகரும் கலந்த குளிர்ந்த பீன்ஸை அம்மா முதன்முதலில் சுவைத்துவிட்டு, "இதுவும் அந்தக் காரப் புத்தகத்திலிருந்தா?" என்று கேட்டார். காரத்துக்குப் பெயர்போன ஒரு சமையலின் காரமில்லாத பாதியையும் காட்டுகிற புத்தகமே அந்தச் சமையலை முழுதாக அறிந்த புத்தகம்.

சிச்சுவான் மிளகைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நம் கறுப்பு மிளகின் உறவே அல்ல. நாரத்தை, எலுமிச்சை இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள சான்ஷூல் என்ற பொருள் உதட்டிலும் நாக்கிலும் துடிப்பு போன்ற மரமரப்பைத் தருகிறது. மிளகாயின் கேப்சைசின் தருவது எரிச்சல், வெப்பத்தை உணரும் அதே நரம்பு வழியைத் தூண்டி வருவது. இரண்டும் வேறு. ஆகவே மிளகு தீர்ந்துவிட்டதென்று மிளகாயைக் கூட்டினால் அந்த உணவு கிடைக்காது. நல்ல புத்தகம் அந்த இடத்தில் மாற்றுப் பொருள் இல்லை என்று நேராக எழுதிவிடும். எல்லாவற்றுக்கும் மாற்று சொல்லும் புத்தகத்தைவிட, இதற்கு மாற்று இல்லை என்று சில இடங்களில் மறுக்கும் புத்தகத்திடம் எனக்கு மரியாதை அதிகம்.

மெக்சிகோ இன்னொரு பெரிய உலகம். அங்கே ஒரே மிளகாய் பச்சையாக இருக்கும்போது ஒரு பெயரும், காய்ந்த பிறகு இன்னொரு பெயரும் கொள்கிறது. சுவையும் அப்படியே மாறிவிடுகிறது. போப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ: அகலமானது, காரம் குறைவு, உலர்திராட்சை போன்ற இனிப்பு. சிலாக்கா காய்ந்தால் பசியா. மிராசோல் காய்ந்தால் குவாஹியோ, வழுவழுப்பான தோலோடு. பழுத்த ஹலபேனியோவைப் புகையிட்டு உலர்த்தினால் சிபோட்லே. இவற்றை வறட்டுக் கல்லில் சில விநாடிகள் காட்டி, வெந்நீரில் ஊறவைத்து, அரைத்து, அந்த விழுதை மீண்டும் கொழுப்பில் வதக்குவதுதான் பல சாஸ்களின் அடித்தளம். வாட்டும்போது சற்றே அதிகமானாலும் கசப்பு ஏறும், பிறகு எதைச் சேர்த்தாலும் அது போகாது. 1972-இல் வெளிவந்த டயானா கென்னடியின் 'த குசீன்ஸ் ஆஃப் மெக்சிகோ' இந்த விஷயத்தில் கண்டிப்பான ஆசிரியை. பிரிட்டனில் பிறந்து, மெக்சிகோவில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, ஊர் ஊராகப் போய் வீட்டுப் பெண்களிடம் சமையல் கேட்டு எழுதியவர். 2022-இல் 99 வயதில் மறைந்தார். நான்கு மிளகாயையும் அடையாளம் காணச் சொல்லித்தராமல் "சிவப்பு மிளகாய், 4" என்று எழுதும் மெக்சிகோ புத்தகத்தை எடுக்கவே வேண்டாம்.

எண்ணிக்கையைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. பக்க ஓரத்தில் மூன்று மிளகாய்ப் படம் போட்டுக் காரத்தைக் காட்டும் வழக்கம் எனக்குப் பயன்பட்டதே இல்லை. வில்பர் ஸ்கோவில் 1912-இல் வகுத்த அளவுகோலில் ஹலபேனியோ 2,500 முதல் 8,000 வரை எங்கும் இருக்கலாம். ஒரே வகை, மூன்று மடங்கு வேறுபாடு. ஹபனேரோ, ஸ்காட்ச் பானட் என்ற கடுங்கார மிளகாய்கள் 1,00,000 முதல் 3,50,000 வரை. "மிளகாயின் நுனியை முதலில் சுவைத்துப் பாருங்கள், பிறகு அளவை முடிவு செய்யுங்கள்" என்று எழுதும் ஆசிரியர் என் வீட்டு மிளகாயைப் பார்க்காமலே சரியான அளவைச் சொல்லிவிடுகிறார். அதேபோல, காரம் குறைய விதையை நீக்குங்கள் என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரு மதிப்பெண் குறைப்பேன். காரம் பெரும்பாலும் விதையைத் தாங்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

கலவையான வாய்கள் உள்ள வீடுகளுக்கு மிக முக்கியமான கேள்வியை நான் எந்தப் புத்தக விமர்சனத்திலும் பார்த்ததில்லை. அந்தச் சமையலில் காரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? சில சமையல்களில் அது மேசைமேல், தனிக் கிண்ணத்தில் இருக்கிறது. இந்தோனேசியாவின் சம்பல், ஏமனின் பச்சை மிளகாய்த் துவையலான ஸஹாவிக், மெக்சிகோவின் சல்சா, தாய்லாந்தில் மீன் சாஸில் நறுக்கிப் போட்ட மிளகாய், துனிசியாவின் ஹரிஸ்ஸா. (ஹரிஸ்ஸா தயாரிக்கும் மரபை 2022-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.) மற்ற சில உணவுகளில் காரம் அடித்தளத்திலேயே கரைந்திருக்கிறது: மாப்போ டோஃபு, மெக்சிகோவின் மோலே சாஸ், பெர்பெரே என்ற மிளகாய் மசாலாப் பொடி சேர்ந்த எத்தியோப்பியக் குழம்புகள். அவற்றில் கடைசி நேரத்தில் காரத்தைக் குறைக்க வழியில்லை. முதல் வகை எங்களுக்கு இரவு உணவைச் சண்டையில்லாமல் முடித்துத் தருகிறது. அம்மா வெறும் சோற்றோடும் வறுத்த மீனோடும் தொடங்குவார், மகள் கரண்டி நுனியில் சம்பலை எடுப்பாள், கணவர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். சம்பல், சல்சா போன்றவற்றுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கும் புத்தகங்களை அதனால்தான் தேடி வாங்குகிறேன்.

இந்தோனேசியப் புத்தகம் எடுத்தால் கெமிரிக் கொட்டையைப் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். விழுதுகளைக் கெட்டியாக்கும் அந்தக் கொட்டையைப் பச்சையாகத் தின்றால் உடம்புக்கு ஆகாது. சமைத்தே உண்ண வேண்டும். இதை எச்சரிக்காத புத்தகத்தை நான் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன்.

எத்தியோப்பியாவுக்கு என் சோதனை வெங்காயம். தோரோ வாட் என்ற கோழிக் குழம்புக்குப் பொடியாக நறுக்கிய சிவப்பு வெங்காயத்தை, எண்ணெய்கூட இல்லாமல், குறைந்த தீயில் கிளறிக் கிளறிக் கூழாகும்வரை வதக்க வேண்டும். அதன் பிறகுதான் மசாலா மணமேற்றிய நெய்யும் பெர்பெரேப் பொடியும் சேர்கின்றன. இதற்கு முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். "வெங்காயத்தை 5 நிமிடம் வதக்கவும்" என்று படித்தால், அந்த ஆசிரியர் அவசரமான வாசகரை மகிழ்விக்கப் பார்க்கிறார் என்று பொருள். நேரத்தைப் பற்றி உண்மை சொன்னால் நான் அந்த உணவை விடுமுறை நாளுக்கு ஒதுக்கிக்கொள்வேன். பொய் சொன்னால் பசியோடு காத்திருக்கும் நான்கு பேருக்கு முன்னால் என்னை நிறுத்திவிடும். நல்ல எத்தியோப்பியப் புத்தகத்தில் அலிச்சா என்ற மஞ்சள் நிறக் காரமற்ற குழம்புகளும் சரிசமமாக இருக்கும். இன்ஜெரா அப்பத்தின் மேல் இரண்டையும் அருகருகே வைப்பதுதானே அங்கே வழக்கம். கிழக்கு ஆப்பிரிக்கப் பாட்டிகளின் கைமுறையை அறிய விரும்புகிறவர்களுக்கு ஹவா ஹசன், ஜூலியா டர்ஷனோடு சேர்ந்து எழுதிய 'இன் பீபீஸ் கிச்சன்' (2020) இருக்கிறது. இந்தியப் பெருங்கடலைத் தொடும் எட்டு ஆப்பிரிக்க நாடுகளின் பாட்டிகள் அதில் தங்கள் சமையலையும் வாழ்க்கையையும் பேசுகிறார்கள். மகள் அதைக் கதைப் புத்தகமாகவே படிக்கிறாள்.

தாய்லாந்துச் சமையலுக்கு டேவிட் தாம்சனின் 'தாய் ஃபுட்' (2002) என்னிடம் உண்டு. 600 பக்கங்களுக்கு மேல் போகும் கனமான நூல். செய்முறைக்கு வருமுன் வரலாற்றையும் மக்களையும் பொறுமையாகச் சொல்கிறது. வார நாளுக்கு அது தோதுப்படாது, ஆனால் விழுது இடிக்கும் முறையை அதில் படித்த பிறகு என் கை மாறிவிட்டது. ஊறிய காய்ந்த மிளகாயையும் உப்பையும் முதலில், உப்பு மணல்போல உரசி உதவ. பிறகு பேரரத்தை, எலுமிச்சைப் புல் போன்ற நார்ப்பொருள்கள். பிறகு பூண்டும் சின்ன வெங்காயமும். கடைசியில் இறால் விழுது. ஈரமுள்ளதை முன்னால் போட்டால் உலக்கை வழுக்கும். மிக்ஸியில் அரைக்கலாம், தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், அந்தத் தண்ணீர் வற்றும்வரை விழுது வறுபடாமல் வேகும். தேங்காய்ப் பாலின் கெட்டிப் பகுதியை எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட்டு, அந்த எண்ணெயில் விழுதை வதக்க வேண்டும் என்பதும் அப்படித்தான்: காரணத்தோடு சொன்னால் ஒரு முறை போதும், மறக்காது.

அளவுகள். சலிப்பான பகுதிதான், ஆனால் பார்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியப் புத்தகத்தின் மேசைக்கரண்டி 20 மில்லி, பிரிட்டனில் 15. மீன் சாஸில் அந்த வேறுபாடு நாக்குக்குத் தெரியும். அமெரிக்கப் புத்தகங்கள் கேட்கும் கோஷர் உப்பு பரல் உப்பு. அதே கரண்டியில் தூள் உப்பை அள்ளினால் கரிக்கும். அமெரிக்காவில் மிளகாய்ப் பொடி என்று விற்கப்படும் பொட்டலத்தில் பெரும்பாலும் சீரகம், பூண்டு, ஓரிகானோவும் கலந்திருக்கும். கிராமில் எழுதியிருக்கும் புத்தகம் இந்தத் தொல்லைகளில் பாதியைத் தீர்த்துவிடுகிறது. கொரியாவின் கிம்ச்சி போல நொதிக்கவைக்கும் உணவுகளுக்குக் கிராம் கணக்கு இல்லாத புத்தகத்தை நான் பயன்படுத்துவதில்லை. முட்டைக்கோஸ் எல்லாம் ஒரே எடையிலா விளைகிறது?

விரித்தால் தானாக மூடிக்கொள்ளும் புத்தகமும் வேண்டாம். கடைசிப் பக்கங்களின் அகரவரிசைப் பட்டியலில் கத்திரிக்காய் என்று தேடினால் கத்திரிக்காய் உணவுகள் எல்லாம் கிடைக்க வேண்டும்; கையில் இருக்கும் காயிலிருந்துதானே அன்றைய சமையலைத் தொடங்குகிறோம்.

தம்பி புதிதாகத் தனிச் சமையலறை வைத்திருக்கிறான். "அக்கா, ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?" என்று தொலைபேசியில் கேட்டான். நூலகத்திலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து, ஒரே உணவின் செய்முறையை மூன்றிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி என்றேன். ஒன்று அளவை மட்டும் சொல்லும். ஒன்று ஆசிரியரின் பயணத்தைச் சொல்லும். ஒன்று, "எண்ணெய் சிவந்து மணம் வரும்போது" என்று சட்டியைப் பார்க்கச் சொல்லும். அந்த மூன்றாவதை வாங்கு.

"அப்படியும் நீங்கள் ஒரு பெயர் சொல்லுங்கள்."

சிச்சுவான் என்றேன். அவனுக்கு வேகமான சமையல் பிடிக்கும், பெரிய தீ பிடிக்கும், டோஃபுவும் கத்திரிக்காயும் எப்போதும் வீட்டில் இருக்கும். புத்தகத்தையும் தோபன்ஜியாங் ஜாடியையும் ஒரே நாளில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். சிச்சுவான் மிளகைப் பொட்டலத்தைத் திறந்து முகர்ந்து பார்த்து, எலுமிச்சைத் தோல் மணம் அடித்தால் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மரத்தூள் மணம் அடித்தால் அது பழையது. மாப்போ டோஃபுவைக் கை பழகும்வரை செய்த பிறகு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அம்மா அவன் வீட்டுக்குப் போகும் நாளுக்கு இஞ்சிச் சாறும் வினிகரும் சேர்ந்த பீன்ஸ் இருக்கும் பக்கத்தில் அடையாளம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.